சனிக்கிழமைப் பூசை: ரேம்ஸ் நகரத்துக் கனோன் கியோம் தெ மஷோவின் வரலாறு



நம் வீட்டில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், அழுகை ஓய்ந்ததும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? பங்குச் சுவாமியாரிடம் போய், இன்னாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு பூசை வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏழாம் நாள், முப்பதாம் நாள், வருஷம் திரும்பும் நாள் என்று அது தொடரும். வசதியுள்ளவர்கள், தங்கள் காலத்துக்குப் பின்னும் பூசை நடக்கட்டும் என்று கொஞ்சம் பணத்தைக் கோவிலில் கட்டி வைப்பதும் உண்டு. பிள்ளைகள் மறந்தாலும் கோவில் மறக்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸ் நாட்டில் இரண்டு சகோதரர்கள் இதே காரியத்தைச் செய்தார்கள். அவர்கள் பேரால் ரேம்ஸ் நகரத்துப் பெரிய கோவிலில் சனிக்கிழமைதோறும் பூசை நடந்தது. அந்தப் பூசைக்காகக் கட்டிய பணம் போன இடம் இன்று தெரியாது. அவர்கள் கல்லறையும் இல்லை. ஆனால் அந்தச் சகோதரர்களில் மூத்தவரென்று சொல்லத்தக்க புகழ்பெற்றவர் இயற்றிய பூசைப் பாட்டை இன்றைக்கும் பல தேசங்களில் பாடுகிறார்கள். ராகம் மட்டுமல்ல, ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் அவர் எழுதி வைத்தபடியே நமக்குக் கிடைத்திருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

அவர் பெயர் கியோம் தெ மஷோ. ஏறக்குறைய 1300-ம் ஆண்டில் பிரான்சின் ஷாம்பாஞ் பிரதேசத்தில் பிறந்தார். அவர் பெயரில் ஒட்டியிருக்கிற மஷோ என்பது ரேம்ஸ் நகருக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூர். ரேம்ஸ் சாதாரண நகரமல்ல. பிராங்கு இனத்தாரின் அரசனாகிய குளோவிசுக்கு அர்ச். ரெமிஜியுஸ் ஞானஸ்நானம் கொடுத்த நகரம் அதுவே. அந்த ஞாபகத்தால் பிரான்சின் அரசர்கள் பின்னாளில் அங்கேயே முடிசூட்டப்பட்டு வந்தார்கள். 1211-ல் தொடங்கிய அதன் மாபெரும் கோவில் வேலை மஷோவின் காலத்திலும் முற்றுப்பெறவில்லை.

சிறுவன் கியோம் குருகுலத்தாருக்குரிய கல்வி பெற்றான். அந்நாளில் அப்படிப் படித்தவர்கள் லத்தீனும் பாட்டும் கற்பார்கள். அவன் பாட்டுக் கற்ற காலமோ, பாட்டு எழுதும் முறையே தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலம். அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது தெரிந்தால்தான் மஷோ செய்த வேலையின் அருமை விளங்கும்.

வாசகரே, திருச்சபையின் பழைய லத்தீன் கீதங்களை, கிரகோரியன் கீதம் என்று நாம் சொல்கிறவற்றை, எல்லோரும் சேர்ந்து ஒரே ராகத்தில் பாடுவது வழக்கம். ஆரம்பத்தில் பாட்டின் சொற்களுக்கு மேலே சிறு கோடுகளும் புள்ளிகளும் போட்டு வைத்தார்கள். குரல் ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா என்பதற்கு அவை ஞாபகக் குறிகள். 11-ம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்துத் துறவியான குயீதோ என்பவர், கோடுகளை வரிசையாகக் கிழித்து ஸ்வரங்களை அவற்றின் மேல் வைக்கும் முறையைச் சீர்ப்படுத்தினார். அதனால் கேட்டறியாத பாட்டையும் ஏட்டைப் பார்த்துப் பாட முடிந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. எந்த ஸ்வரம் என்பது ஏட்டில் இருந்தது; எவ்வளவு நேரம் என்பது இல்லை.

எல்லோரும் ஒரே ராகத்தைப் பாடுகிறவரையில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. பாடகர் தலைவர் கையசைத்தால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள். ஆனால் 12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரீஸ் மாநகரத் தேவமாதா கோவிலில் வேறொரு வழக்கம் வளர்ந்தது. ஒருவர் பழைய கீதத்தை மெல்ல இழுத்துப் பாட, அதற்கு மேலே இன்னொருவர் வேறு ராகத்தைப் பாடுவார். லெயோனின், பெரோத்தின் என்ற இருவர் இதில் பேர்பெற்றவர்கள். இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர் என்று வெவ்வேறு ராகங்களை ஒரே சமயத்தில் பாடினால் என்ன ஆகும்? ஒருவர் அரை நொடி முந்தினாலும் எல்லாம் கலைந்துவிடும். நான்கு பேர் நான்கு கலப்பையை ஒரே வயலில் ஓட்டுகிறபோது, எங்கே திரும்புவது என்று ஒருவருக்கொருவர் தெரியாவிட்டால் மாடுகள் முட்டிக்கொள்ளும் அல்லவா? அதுபோலத்தான்.

ஆகையால் நேரத்தை எழுதும் வழியைத் தேடினார்கள். தமிழ் படித்த நமக்கு அவர்கள் கண்ட வழி எளிதில் விளங்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவர்களும் ஸ்வரங்களை நெடில், குறில் என்றே பிரித்தார்கள். லத்தீனில் வைத்த பெயர்களுக்கும் அதே அர்த்தம்தான். பாரீசில் முதலில் நெடிலும் குறிலும் மாறி மாறி வரும் ஆறு வாய்பாடுகளை வகுத்தார்கள். ஸ்வரங்களை எப்படிக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து எழுதியிருக்கிறது என்று பார்த்து, இன்ன வாய்பாடு என்று பாடகன் ஊகித்துக்கொள்வான். அதாவது தனி ஸ்வரத்துக்கு அளவு கிடையாது, கூட்டத்துக்குத்தான் அளவு.

13-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலோன் நகரத்து பிராங்கோ என்பவர் இதை மாற்றினார். ஒவ்வொரு ஸ்வரமும் தன் உருவத்தாலேயே தன் நேரத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி. சதுரத்துக்கு வால் இருந்தால் நெடில், வால் இல்லாவிட்டால் குறில், சாய்சதுரமாயிருந்தால் அதைவிடக் குறுகியது. முழுமையான நெடில் ஒன்று மூன்று குறில்களுக்குச் சமம். ஏன் மூன்று? மூன்றே பூரணமான எண், பரிசுத்த தமதிரித்துவத்தின் எண் என்று அவர் காரணம் காட்டினார். தாளம் எண்ணுகிற வேலையிலும் பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவை நினைத்தார்கள் அக்காலத்து மனிதர்கள்.

1320-ம் ஆண்டை அடுத்து, மஷோ இருபது வயது வாலிபராயிருந்தபோது, இன்னொரு பெரிய அடி எடுத்துவைக்கப்பட்டது. பிலிப் தெ வித்ரி என்பவரின் போதனையாகப் பரவிய புதிய முறை அது. புதுக் கலை என்றே அதற்குப் பெயராயிற்று. இந்த வித்ரி பிற்காலத்தில், 1351-ல், மோ நகரத்து மேற்றிராணியாராக உயர்ந்தவர். பாரீசில் வாழ்ந்த ஜான் தெ மூரிஸ் என்ற கணித சாஸ்திரியும் அதே காலத்தில் அதே வழியில் எழுதினார். அவர்கள் சொன்னது இதுதான்: மூன்றாகப் பிரிப்பது மட்டும் முறையல்ல, இரண்டாகப் பிரிப்பதும் சரியான முறையே. நெடிலை மூன்றாகவோ இரண்டாகவோ பிரிக்கலாம். குறிலையும் அப்படியே. அதற்குக் கீழ் உள்ளதையும் அப்படியே. எல்லாவற்றிலும் சிறியதற்கு, சாய்சதுரத்தின் தலையில் ஒரு குச்சி போட்டு, மிகச் சிறியது என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

ஒரே உருவம் ஓரிடத்தில் மூன்றாகவும் வேறிடத்தில் இரண்டாகவும் பிரியுமானால் பாடகனுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் அந்தப் புதிய பள்ளியார் அடையாளம் வகுத்தார்கள். முழு வட்டம் போட்டால் மூன்று. வட்டத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தால் இரண்டு. பாட்டின் நடுவே அளவு மாறினால் அந்த ஸ்வரங்களைச் சிவப்பு மையால் எழுதினார்கள். நம் கோவிலில் ஆர்கன் வாசிப்பவரிடம் மேல்நாட்டு இசைப் புத்தகம் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல பாட்டுகளின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்து சி போல ஒரு குறி இருக்கும். அது எழுத்தல்ல. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த அந்தத் திறந்த வட்டமே அது.

புதிய முறை எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. பாடகர்களுக்குப் புதுச் சாமர்த்தியம் கிடைத்ததும் அவர்கள் அதைக் கோவிலில் காட்டத் தொடங்கினார்கள். சிறு சிறு ஸ்வரங்களால் பழைய கீதத்தை மூடினார்கள். ஒருவர் பாடும்போது மற்றவர் சட்டென்று நிறுத்தி, அவர் நிறுத்தியதும் இவர் பிடித்து, விக்கல் எடுப்பதுபோல் துண்டுதுண்டாகப் பாடினார்கள். அவிஞ்ஞோனில் வாசம்செய்த 22-ம் அருளப்பர் என்னும் பாப்பரசர் 1324-25-ல் இதைக் கண்டித்து ஒரு கட்டளை வெளியிட்டார். பக்தியை எழுப்ப வேண்டிய பாட்டு காதுக்கு மட்டும் வேடிக்கையாகிவிட்டது, ஜெபத்தின் சொற்களே விளங்காமல் போகின்றன என்பது அவருடைய குறை. திருநாட்களில் கீதத்தைக் கெடுக்காத எளிய இசைவுகளை அவர் தடுக்கவில்லை. வாசகரே, பாப்பரசரின் கவலை வீண் கவலையல்ல. பாடகன் தன் திறமையைக் காட்டுகிறானா, ஜனங்களை ஜெபிக்கச் செய்கிறானா என்ற கேள்வி எக்காலத்துக்கும் உரியது. மஷோவின் வாழ்க்கையும் ஒரு வகையில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வாழ்க்கைதான்.

படிப்பை முடித்த மஷோ, 1323-ம் ஆண்டை ஒட்டி, லக்சம்பர்க் வம்சத்து ஜான் என்னும் போஹீமியா நாட்டரசரிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் ஏழைகளுக்குத் தருமம் பங்கிடும் உத்தியோகம். பிறகு பத்திரம் எழுதுகிறவர். பிறகு அந்தரங்கக் காரியதரிசி. ஜான் அரசர் ஓரிடத்தில் உட்காராதவர். போஹீமியா, போலந்து, லித்துவேனியா என்று பனியிலும் குளிரிலும் சேனையோடு அலைந்தார். மஷோவும் கூடவே அலைந்தார். அரசர் தாராளக் கையர். தம்மிடம் இருப்பதையெல்லாம் வாரிக் கொடுத்துவிடுவார். தாம் கண்டவற்றைப் பிற்காலத்தில் மஷோ தம் செய்யுட்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அரசர் தம் ஊழியரை மறக்கவில்லை. அவருக்காகப் பாப்பரசரிடம் விண்ணப்பம் செய்தார். பாட்டுப் பற்றிய கட்டளையை எழுதிய அதே 22-ம் அருளப்பர் பாப்பரசரே மஷோவுக்குக் கனோன் பதவிகளை அனுமதித்தார். 1333-ல் ரேம்ஸ் கோவிலில் ஓர் இடம் வாக்களிக்கப்பட்டது. 1337-ல் அது அவர் கைக்கு வந்தது. கனோன் என்றால், மேற்றிராணியாரின் தலைமைக் கோவிலில் கட்டளை ஜெபமும் பாடல் பூசையும் குறைவின்றி நடப்பதற்கென்று மானியம் பெற்ற குருகுலத்தார். விடியுமுன் எழுந்து, பாடகர் மண்டபத்தில் நின்று, சங்கீதங்களைப் பாட வேண்டும். உலகம் சுற்றிய மஷோ, நாளடைவில் ரேம்சையே தம் வீடாக்கிக்கொண்டார்.

அவருடைய நடுவயதில் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. ஜான் அரசர் இரண்டு கண்ணும் இழந்தார். அப்படியும் பிரான்ஸ் அரசருக்குத் துணையாக 1346-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி கிரேசி போர்க்களத்துக்குப் போனார். தம் வீரர்களின் குதிரைகளோடு தம் குதிரையையும் பிணைக்கச் சொல்லி எதிரிகளுக்குள் புகுந்து அங்கேயே மாண்டார். மஷோ தம் எஜமானை இழந்தார்.

மூன்று ஆண்டுகள் செல்லுமுன் கருங்கொள்ளைநோய் ரேம்சுக்கு வந்தது. 1349-ல் அந்நகரத்தில் செத்தவர்களைப் புதைக்க ஆளில்லை. மஷோ தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். சாவுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்து, குளிர்காலம் முழுவதும் வெளியே வராமல் கிடந்தார். ஒரு நாள் வீதியில் குழலும் எக்காளமும் கேட்டன. என்னவென்று விசாரித்தால், நோய் நின்றுவிட்டது, மிஞ்சியவர்கள் கலியாணமும் விருந்துமாய்க் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்தது. இதையெல்லாம் அவரே ஒரு நீண்ட செய்யுளின் முன்னுரையில் வரைந்திருக்கிறார். மரணத்தை வாசற்படியில் பார்த்தவனுக்கு வீதியில் கேட்ட வாத்திய ஓசை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பின்னும் பத்து ஆண்டுகள் சென்றன. 1359-ம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து அரசர் 3-ம் எட்வர்ட், ரேம்ஸ் கோவிலிலேயே பிரான்சின் முடியைச் சூடிக்கொள்ளும் எண்ணத்தோடு சேனையைக் கொண்டுவந்து நகரை வளைத்தார். நகரத்தார் அசையவில்லை. 1360-ம் ஆண்டு ஜனவரியில் முற்றுகை கைவிடப்பட்டது. அறுபது வயதுக் கனோன்மாரும் மதில் காவலுக்குத் தப்பவில்லை. தம்மைப் போன்றவர் இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு காவல் நிற்க வேண்டியிருக்கிறதே என்று மஷோ ஒரு பாட்டில் முறையிட்டிருக்கிறார்.

இத்தனை அலைச்சலுக்கும் அச்சத்துக்கும் நடுவே அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நீண்ட கதைச் செய்யுட்கள், சிறு கவிகள், ராகம் அமைத்த பாட்டுகள் என்று மலைபோல் குவித்தார். இசையமைத்தவை மட்டும் ஏறக்குறைய 140. அவற்றில் பெரும்பாலானவை அரசவைகளில் பாடத்தக்க உலகப் பாட்டுகள். நாம் அவரை அர்ச்சியசிஷ்டவராக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் அக்காலத்தாரில் பெரும்பாலோரைவிட முன்யோசனை உள்ளவர். தம் படைப்புகள் சிதறிப்போகக் கூடாது என்று எண்ணி, எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தொகுத்தெழுத ஏற்பாடு செய்தார். அப்படி எழுதிய பெரும் ஏடுகள் பல இன்றும் உள்ளன. அவற்றில் ஒன்றின் பொருளடக்கத்தின் தலைப்பிலே, இது மஷோ தம் புத்தகம் இருக்க வேண்டுமென்று விரும்பிய வரிசை என்று குறிப்பு இருக்கிறது. செய்யுளின் சொல்லையும், ராகத்தின் ஸ்வரத்தையும், தாளத்தின் அளவையும் சேர்த்தே அந்த ஏடுகளில் எழுதினார்கள். வித்ரியின் பள்ளி கண்டுபிடித்த முறை மஷோவின் கையில் முழுப் பயனைத் தந்தது.

இப்போது அந்தப் பூசைப் பாட்டுக்கு வருவோம். 1360-க்குப் பின்வந்த சில ஆண்டுகளில் அவர் தேவமாதாவின் பூசை என்று பெயர்பெற்ற பாட்டை இயற்றினார். கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்துஸ், ஆஞ்ஞுஸ் தேயி, கடைசியாக ஜனங்களை அனுப்பிவைக்கும் இத்தே மிசா எஸ்த் ஆகிய ஆறு பாகங்களையும் நான்கு குரல்களுக்கு அமைத்தார். நாம் தமிழில் ஆண்டவரே இரக்கமாயிரும் என்று தொடங்கிப் பாடுகிறோமே, அதே பாகங்கள்தான். அவருக்கு முன்னும் பூசைப் பாகங்களுக்கு இசையமைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு பாகத்தை ஒருவர், இன்னொன்றை வேறொருவர் என்று இருந்தது. பூசையின் மாறாத பாகங்கள் எல்லாவற்றையும் பேர் தெரிந்த ஒரே மனிதர் ஒன்றாக அமைத்ததாக நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் இதுவே முதலாவது.

அதை எப்படிக் கட்டினார்? கீரியேயில் பழைய கிரகோரியன் கீதத்தை எடுத்து ஒரு குரலுக்குக் கொடுத்தார். அந்தக் குரல் ஒரு சிறு தாளக்கட்டில் அக்கீதத்தைப் பாடும். கட்டு முடிந்ததும் அதே தாளக்கட்டு மறுபடியும் தொடங்கும். ஸ்வரங்கள் முன்னேறிக்கொண்டே போகும். நம் பாடகர்கள் ஆவர்த்தனம் தவறாமல் தாளம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அஸ்திவாரத்தின் மேல் மற்றக் குரல்கள் துள்ளியும் நெளிந்தும் ஓடும். முன்னே சொன்ன விக்கல் பாட்டும் ஆங்காங்கே உண்டு. சாங்துசிலும் ஆஞ்ஞுஸ் தேயியிலும் இதே முறைதான்.

ஆனால் குளோரியாவிலும் கிரேதோவிலும் வேறு விதமாகச் செய்தார். அவை நீண்ட ஜெபங்கள். சொற்கள் காதில் விழ வேண்டும். ஆகையால் நான்கு குரல்களும் ஒரே சமயத்தில் ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்து நடக்கும்படி வைத்தார். வேகமாகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டு குளோரியாவில் சேசுகிறிஸ்துநாதருடைய திருநாமம் வந்ததும் நின்றுவிடும். நான்கு குரல்களும் அந்த நாமத்தை நெடிய ஸ்வரங்களில் இழுத்து, அவசரமின்றிச் சொல்லும். கிரேதோவில் ஆண்டவர் கன்னிமரியம்மாளிடமிருந்து மனிதரானார் என்னும் இடத்திலும் அப்படியே. கோவிலில் நாம் அந்த வார்த்தைகளுக்குத் தலைவணங்குகிறோம். மஷோவின் பாட்டு தாளத்தாலேயே தலைவணங்குகிறது. நேரத்தை எழுதத் தெரியாத காலத்தில் இதைச் செய்திருக்க முடியாது. செய்திருந்தாலும் அது பாடகரோடு மறைந்திருக்கும். பாப்பரசர் அன்று கேட்ட கேள்விக்கு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கனோன் சொன்ன பதிலாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மஷோவுக்கு ஷான் என்று ஒரு சகோதரர் இருந்தார். அவரும் அதே அரசரிடம் ஊழியம் செய்தவர். 1355-ல் அவரும் ரேம்சில் கனோன் ஆனார். இளமையில் அரசனோடு அலைந்த இருவரும் முதுமையில் ஒரே கோவிலில் நின்று சங்கீதம் பாடினார்கள். 1372-ல் ஷான் இறந்தார். 1377-ம் ஆண்டு ஏப்ரலில் கியோமும் போய்ச் சேர்ந்தார். இருவரையும் ரேம்ஸ் கோவிலில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள்.

கல்லறைக்கு அருகே பித்தளைத் தகட்டில் ஒரு குறிப்புப் பொறித்திருந்தார்கள். அந்தத் தகடு மறைந்துபோனாலும், 18-ம் நூற்றாண்டில் யாரோ பிரதிசெய்து வைத்ததால் அதன் வாசகம் தெரியும். சகோதரர் இருவரும் அவர்கள் நண்பர்களும் நித்திய இளைப்பாற்றி அடையும்படி, சனிக்கிழமைதோறும் தேவமாதாவின் பூசையில் மரித்தோருக்கான ஜெபம் சொல்லப்பட வேண்டும். அதைப் பாடுகிறவர்களுக்காக முந்நூறு பொன் நாணயம் கட்டியிருக்கிறது என்பது அதன் சாரம். சனிக்கிழமை தேவமாதாவின் நாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மஷோ நான்கு குரல்களுக்கு அமைத்த பூசைப் பாட்டு இந்தச் சனிக்கிழமைப் பூசைக்கென்றே எழுதியது என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

அவர் செத்ததும், அவரைக் குருவாகக் கொண்ட கவிஞரான எஸ்தாஷ் தெஷான் இரங்கற்பா எழுதினார். அதற்கு நான்கு குரலில் இசையும் அமைத்தார்கள். வீரர்களும் சீமாட்டிகளும் மஷோவுக்காக அழட்டும் என்பது அந்தப் பாட்டின் கருத்து. அந்த மரியாதை சில காலம் நின்றது. பிறகு புதிய இசை வந்தது. எழுத்து முறையும் மாறியது. மஷோவின் ஏடுகளைப் பாடத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் கோவில் சொத்துகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1790-ல் கனோன்மாரின் சங்கங்களையே கலைத்துவிட்டார்கள். சங்கமே போனபின் சனிக்கிழமைப் பூசைக்கு ஆள் ஏது? 1914-ம் ஆண்டு செப்டம்பரில், முதல் உலக யுத்தத்தின்போது, பீரங்கிக் குண்டு பட்டு ரேம்ஸ் கோவிலின் கூரையும் எரிந்து விழுந்தது. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 1938-ல்தான் கோவிலை முழுமையாக மறுபடி திறந்தார்கள்.

பணம் போயிற்று. தகடு போயிற்று. சங்கம் போயிற்று. ஆனால் ஏடுகள் போகவில்லை. 19-ம், 20-ம் நூற்றாண்டுகளில் கற்றறிந்தவர்கள் அந்த ஏடுகளை எடுத்து, பிராங்கோவும் வித்ரியும் மூரிசும் காட்டிய விதிகளைக் கொண்டு, இந்தச் சதுரம் எத்தனை மாத்திரை, இந்தக் குச்சி எத்தனை மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார்கள். பாட்டு உயிர்பெற்றது. கோவில்களில் பாடினார்கள், இசைத் தட்டுகளில் பதிந்தார்கள். சேசுநாதரின் திருநாமம் வரும் இடத்தில் நான்கு குரல்கள் அன்று ரேம்சில் எப்படி நின்றனவோ, அப்படியே இன்றும் நிற்கின்றன.

வாசகரே, இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு காரியம் இருக்கிறது.

ஒன்று, நம் பங்கின் பாடகர்களுக்கு. தாளம் என்பது பாடகருக்குள்ள ஒழுங்கு மட்டுமல்ல. அது மற்றவருக்குக் கொடுக்கும் இடம். நான்கு பேர் சேர்ந்து பாட வேண்டுமானால், ஒவ்வொருவனும் தன் நேரத்தில் நின்று, பிறனுடைய நேரத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த அளவை எழுதுவதற்கு அறிவாளிகள் இருநூறு ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஞாயிறு பூசையில் நாம் அவசரப்பட்டு முந்திப் பாடும்போதும், என் குரல் மட்டும் கேட்கட்டும் என்று இழுக்கும்போதும் அதை நினைத்துக்கொள்வோம்.

மற்றொன்று, நம் எல்லோருக்கும். மஷோ தம் ஆத்துமத்துக்காகப் பணத்தையும் கட்டிவைத்தார்; வேலையையும் விட்டுச்சென்றார். பணம் நிலைக்கவில்லை. ஜாக்கிரதையாகச் செய்து, ஒழுங்காக எழுதிவைத்த வேலை இன்றைக்கும் தேவமாதாவைத் துதிக்கிறது. நம்மில் எவரும் நான்கு குரல் பாட்டு இயற்றப் போவதில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கும் ஜெபம் உண்டு; அவர்கள் முன்னிலையில் நாம் நடந்துகாட்டும் வழி உண்டு. அவற்றையும் அவசரமின்றி, அளவு தவறாமல், பின்வருகிறவர்கள் எடுத்துப் பாடத்தக்கதாக எழுதிவைப்போமா?

வருகிற சனிக்கிழமை, தேவமாதாவின் மன்றாட்டு மாலையைச் சொல்லி முடித்தபின், உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கடைசியில், நினைக்க ஒருவருமில்லாத ஆத்துமங்களுக்காகவும் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். கியோம், ஷான் என்னும் அந்தச் சகோதரர் இருவரும் ரேம்ஸ் கோவிலில் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான்.